வரலாற்று ஏடுகளும் அரசியலும்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உயர்தர வகுப்பில் வரலாறு கற்கும் மாணவர்களும், கோயில் நிருவாகத்தில் உள்ள வண்ணக்கர்மாரும், தம் ஊரின் வரலாற்றை எழுத முனைவோரும் மகாவம்சம், அதன் தொடர்ச்சியான சூளவம்சம், மட்டக்களப்பு மான்மியம் ஆகிய பழைய வரலாற்று நூல்களைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளையே கேட்கின்றனர். அவற்றுக்கான பதில்கள் இங்கே தரப்படுகின்றன. அயலார் நூலுக்கு ஓர் அளவுகோல், நம் நூலுக்கு வேறோர் அளவுகோல் என்று வைத்துக்கொள்ளாமல் எல்லா ஏடுகளையும் ஒரே கண்ணால் வாசிக்க வேண்டும் என்பதே இப்பதில்களின் அடிப்படை.

இந்த நூல்களை எழுதியவர்கள் வேண்டுமென்றே பொய் எழுதினார்களா?

அப்படிச் சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. பாளி மொழியில் மகாவம்சத்தை ஆக்கிய மகாநாம தேரர், 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அநுராதபுரத்து மகாவிகாரை மரபைச் சார்ந்து வாழ்ந்தவர். நல்லோரின் பக்திப் பெருக்குக்காகவும் உள்ளத்து உருக்கத்துக்காகவும் இயற்றப்பட்டது என்ற வாசகத்துடனேயே அவருடைய ஒவ்வோர் அத்தியாயமும் முடிகிறது. நோக்கத்தை அவர் ஒளிக்கவில்லை. நாம்தான் அந்த வாசகத்தைத் தாண்டிச் சென்றுவிட்டு, அரசாங்கப் பதிவேட்டைப் படிப்பதுபோல் அவருடைய நூலைப் படிக்கிறோம்.

அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் மகாசேன மன்னன், மகாவிகாரைத் துறவிகளுக்கு எவரும் உணவளிக்கக் கூடாதென்று தடைவிதித்தான். துறவிகள் வெளியேறினர், விகாரை 9 ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது, அதன் கட்டடங்களைப் பெயர்த்தெடுத்த பொருள்கள் போட்டி விகாரையான அபயகிரிக்குச் சென்றன. உண்மையான பௌத்த சங்கம் எது, அரசனின் ஆதரவு யாருக்கு உரியது என்ற அந்த நீண்ட வழக்கில் மகாவம்சம் ஒரு தரப்பின் வாக்குமூலம். மின்னேரிக் குளத்தைக் கட்டிய அரசனைப் பற்றி, பெரும் புண்ணியத்தையும் பெரும் பாவத்தையும் சேர்த்துக்கொண்டான் என்று தீர்ப்பெழுதி அந்நூல் முடிவது அதனால்தான். ஏட்டாசிரியர்கள் பெரும்பாலும் இல்லாததைப் புனையவில்லை. எதை விரித்துரைப்பது, எதை ஒரு வரியில் கடப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் அவர்களுடைய அரசியல் இருந்தது.

எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் நடந்தது இனப்போர் என்று மகாவம்சமே சொல்கிறதா?

அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனோடு, தீவின் தென்பகுதியான உரோகணத்திலிருந்து வந்த சிங்கள அரசன் துட்டகைமுனு நடத்திய போரை மகாவம்சம் சமயப் போராகவே காட்டுகிறது. அரச சுகத்துக்காக அன்றிப் புத்த சாசனத்துக்காகவே தான் போரிடுவதாகத் துட்டகைமுனு கூறுகிறான். அந்நூலின் 37 அத்தியாயங்களில் 22 முதல் 32 வரையான 11 அத்தியாயங்கள் இந்த ஓர் அரசனைச் சுற்றியே அமைந்துள்ளன. அதற்கு முற்பட்ட தீபவம்சமோ இதே அரசனைச் சில செய்யுள்களில் கடந்துவிடுகிறது. இரண்டு நூல்களுக்கும் இடையில் கதை காவியமாக வளர்ந்திருக்கிறது.

ஆயினும் மகாவம்சத்தைப் பொறுமையாக வாசிப்பவர்களுக்கு, அந்தக் காவியத்துக்கு ஒத்துவராத செய்திகளும் அதற்குள்ளேயே கிடைக்கின்றன. எல்லாளன் 44 ஆண்டுகள் நண்பன், பகைவன் என்று பாராமல் நீதி வழங்கியவன் என்று அது ஒப்புக்கொள்கிறது. துட்டகைமுனுவின் வீரர்களுள் முதல்வனான நந்திமித்திரன், எல்லாளனின் படைத்தலைவனான மித்தனின் சகோதரி மகன். அதாவது மாமன் ஒரு படையிலும் மருமகன் மறு படையிலும் நின்றார்கள். துட்டகைமுனு வென்றதாகச் சொல்லப்படும் தமிழ் மன்னர்கள் 32 பேர். ஆகவே வடக்கில் ஒரே ஆட்சி இருந்தது என்ற எண்ணமும் நிலைக்கவில்லை.

நம் மாவட்டத்து வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. எல்லாளனோடு மோதுவதற்கு முன்னர் துட்டகைமுனு தன் சொந்தத் தம்பி திஸ்ஸனோடு போரிட்டான். திஸ்ஸன் தாயையும் கண்டுலன் என்ற யானையையும் அழைத்துக்கொண்டு வந்து தங்கிய இடம், இன்று அம்பாறை மாவட்டத்தில் உள்ள தீகவாபி. முதற்போரில் துட்டகைமுனுவின் வீரர்கள் பல்லாயிரவர் மடிந்தனர் என்கிறது நூல். அந்தச் சகோதரச் சண்டையைப் பாடசாலை மேடை நாடகங்களில் நாம் காண்பதே இல்லை.

போருக்குப் பின் இத்தனை உயிர்களைக் கொன்றேனே என்று வருந்திய அரசனிடம், கொல்லப்பட்டவர்கள் ஒன்றரை மனிதர்கள் மட்டுமே என்று அருகதர்கள் (ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகள்) ஆறுதல் சொன்ன பகுதி புகழ்பெற்றது. ஒருவன் மும்மணிகளைச் சரணடைந்தவன். மற்றவன் ஐந்து சீலங்களையும் ஏற்றவன். ஏனையோர் கணக்கில் வரமாட்டார்கள். நூலின் மிகக் கொடிய இடம் இதுவே என்பது என் எண்ணம். அரசனுக்கு வந்த இயல்பான மனித வருத்தத்தைக்கூட அரசியல் தேவை அழித்துவிட்டது.

ஒரே போரைப் பற்றி இரு தரப்பின் எழுத்துகளும் கிடைத்திருக்கின்றனவா?

கிடைத்திருக்கின்றன. இந்தப் பொருளைக் கற்பிக்க அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதுரை அரியணைக்காகப் பாண்டியர்களிடையே சண்டை மூண்டது. பராக்கிரம பாண்டியன் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி போய்ச் சேருவதற்குள் குலசேகர பாண்டியன் மதுரையைப் பிடித்து அவனைக் கொன்றுவிட்டான். ஆயினும் இலங்காபுரன் என்ற தளபதி படையோடு கடல் கடந்து இராமேசுவரத்தைக் கைப்பற்றி, குந்துகால் என்ற இடத்தில் பராக்கிரமபுரம் என்ற கோட்டையைக் கட்டி, கொலையுண்டவனின் மகன் வீரபாண்டியனை மதுரையில் அமர்த்தினான். இவ்வளவையும் சூளவம்சம் ஊர் ஊராக, போர் போராக விரித்துச் சொல்கிறது. வெற்றியின் நினைவாகப் பாண்டுவிஜயம் என்ற கிராமத்தைப் பராக்கிரமபாகு நிறுவினான் என்ற செய்தியோடு போர்க்கதை நின்றுவிடுகிறது. அதன் பிறகு இலங்காபுரன் என்ன ஆனான் என்று அந்த நூலில் தேடிப் பயனில்லை.

பதில் சோழநாட்டுக் கல்லில் இருக்கிறது. இரண்டாம் இராசாதிராசன் காலத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, சோழப்படை ஈழத்துப் படையை முறியடித்து, இலங்காபுரத் தண்டநாயகன் உள்ளிட்டோரின் தலைகளை மதுரை வாயிலில் அறைந்ததாகக் கூறுகிறது. சூளவம்சத்தின் ஆசிரியர் தோல்வியை வெற்றியென்று எழுதவில்லை. வெற்றி இருந்த இடத்தில் எழுதுகோலை வைத்துவிட்டார்.

சோழர் தரப்பையும் அப்படியே ஏற்க முடியாது. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு, ஈழப்படை இராமேசுவரக் கோயிலை அடைத்துப் பொருள்களைக் கவர்ந்ததாகவும், ஞானசிவதேவர் என்ற சிவாசாரியார் 28 நாள்கள் செய்த சிவபூசையினால் அப்படை தோற்றதாகவும் சொல்லி, அதற்காக அவருக்கு ஊர் கொடுத்ததைப் பதிகிறது. வெற்றியின் காரணத்தை அந்தக் கல் தனக்கு வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டது. இதைவிடப் பெரிய மாற்றம் பின்னர் நிகழ்ந்தது: குலசேகரன் ஈழத்துப் பக்கம் சாய, சோழர் அதுவரை எதிர்த்து வந்த வீரபாண்டியனின் பக்கம் நின்றனர். யார் நண்பன் என்பது மாறியபோது யார் நல்லவன் என்பதும் மாறியது.

மாகன் கொடுங்கோலனா, அல்லது நம் நாட்டை ஒழுங்குபடுத்திய மாகோனா?

எம்மிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களிற் பலர் விடையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டே கேட்கின்றனர்.

1215இல் கலிங்கத்திலிருந்து 24,000 வீரரோடு வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றி 21 ஆண்டுகள் ஆண்டவன் மாகன் என்று சூளவம்சம் கூறுகிறது. அதன் மொழியில் அவன் காட்டை எரிக்கும் தீ. விகாரைகள் படைவீரரின் தங்குமிடங்களாயின, நூல்கள் சிதைக்கப்பட்டன, சிங்களவரின் வீடுகளும் தோட்டங்களும் வயல்களும் மாடுகளும் எருமைகளும் அவனுடைய படையினரான கேரளருக்குக் கொடுக்கப்பட்டன என்று அது பட்டியலிடுகிறது. வாசிஸ்ஸரர் முதலான தேரர்கள் புத்தரின் புனிதப் பல்லான தந்ததாதுவையும் அவருடைய பிச்சைப் பாத்திரத்தையும் மலைநாட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்தனர்.

அந்தப் பகுதி எழுதப்பட்டது, பொலன்னறுவைக்குப் பின் தலைநகரான தம்பதெனியாவின் அரசர்கள் நிலைபெற்ற பிறகு. ஒளித்துவைத்த தந்ததாதுவை மீட்டுக்கொணர்ந்தவன் மூன்றாம் விஜயபாகு. அவனுடைய மகன் இரண்டாம் பராக்கிரமபாகு. பழைய அரச வம்சத்தோடு தெளிவான தொடர்பில்லாத அந்தக் குடும்பத்துக்கு, தாதுவைக் காத்தவர்கள் என்ற தகுதியே அரியணைக்கான உரித்து. மாகன் எவ்வளவு கரியவனாகத் தீட்டப்படுகிறானோ அவ்வளவுக்கு அந்த உரித்து ஒளிபெறும். இதனால் அழிவுகள் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. பொலன்னறுவை தலைநகராக மறுபடி நிலைபெறவே இல்லை; துறவிகள் சிதறியது உண்மை. அந்தத் துயரத்தை மறுப்பது நமக்கு எவ்வகையிலும் பெருமை தராது.

மட்டக்களப்பு மான்மியத்திலோ மாகோன் என்ற பெயரில் அவன் கோயில்களுக்கு நிலமும் ஊழியமும் வகுத்தவன், குடிகளுக்கு முறைமை விதித்தவன். இரண்டு சித்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. நிலம் கைமாறியது என்பதில் இரு நூல்களுக்கும் வேறுபாடில்லை. இழந்தவர்களின் நூல் அதைக் கொள்ளை என்கிறது. பெற்றவர்களின் வழிவந்த நூல் அதைக் கொடை என்கிறது. கொடுங்கோலனா நல்லரசனா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கேட்கத் தொடங்கினால்தான் 13ஆம் நூற்றாண்டு நமக்குப் புலப்படும்.

கலிங்க வம்சம் என்ற உரிமை ஏன் இத்தனை நூல்களில் வருகிறது?

அதற்கு விலை இருந்ததால். 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பிறந்தவன். இலங்கைக்கு அந்நியன் என்ற குறையைத் தீர்க்க, சிங்கள மரபின் முதல் அரசனான விஜயன் கலிங்க வம்சத்தவன், ஆதலால் இத்தீவு கலிங்க வம்சத்துக்கே உரியது என்று பொலன்னறுவையில் கல்லிற் பொறித்தான். சோழருக்கும் கேரளருக்கும் மட்டுமன்றிக் கொவிகுலத்தவருக்கும் (வேளாண் குலத்தவருக்கும்) அரியணை கூடாது என்று எச்சரித்தான். கதவைத் தனக்காகத் திறந்து மற்றவர்களுக்கு அடைத்த அந்தக் கல்வெட்டைப் பொறித்தவன் மறைந்து 20 ஆண்டுகள் செல்வதற்குள் அதே கலிங்கப் பெயரைச் சொல்லி மாகன் வந்தான்.

மட்டக்களப்பு மான்மியத்தை நம்பலாமா?

ஏட்டுப் பிரதிகளைக் கொண்டு எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த நூல் இது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலச் செய்திகளும் அதில் இருப்பதால், இப்போதுள்ள வடிவம் மாகன் காலத்தது அன்று. பல காலத்து ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானது.

அதிலுள்ள உலகநாச்சி கதையை எடுத்துக்கொள்வோம். கலிங்க அரசன் குகசேனனின் மகளான அவள், புத்தரின் தந்தத்தையும் கைலையிலிருந்து வந்த சிவலிங்கத்தையும் கொண்டுவந்து, தந்தத்தை அநுராதபுரத்து மேகவர்ணனுக்குக் கொடுத்து, அவனிடமிருந்து பெற்ற நிலத்தில் மண்முனையை உருவாக்கினாள் என்பது கதை. பௌத்த மரபிலும் மேகவர்ணன் காலத்தில் கலிங்கத்திலிருந்து தந்ததாது வந்தது. அங்கே அதைக் கொண்டுவந்தவர்கள் ஹேமமாலையும் தந்தகுமாரனும். அரசாங்கமே போற்றிய ஒரு நிகழ்ச்சிக்குள் நம் முன்னோர் தம் நாட்டின் தோற்றத்தையும் இணைத்துவிட்டனர். ஒரு கையில் தந்தம், மறுகையில் இலிங்கம். அநுராதபுரத்தின் சம்மதமும் உண்டு, சைவத்தின் உரிமையும் உண்டு. இதை வெறுங்கற்பனை என்று ஒதுக்குவது எளிது. பௌத்த அரசர்களின் மேலாண்மைக்கும் தம் சொந்த வழிபாட்டுக்கும் இடையில் வாழ்ந்த ஒரு சமூகம் தன் நிலத்துக்கான உரித்தை எவ்வளவு நுணுக்கமாக எழுதிக்கொண்டது என்பதற்கு இது அரிய சான்று என்றே கருதுகிறேன்.

மட்டக்களப்பின் முக்கிய சமூகங்களுள் ஒன்றான முற்குகரின் பெயரை இராமனுக்கு ஓடம் விட்ட குகனோடு தொடுப்பதும் இத்தகைய வேலையே. குடிப்பெருமை, கோயில் உரிமை, வரிசை முறை ஆகியவற்றில் யார் முன், யார் பின் என்ற தகராறு எழுந்த காலங்களில் இந்த வரிகள் எழுதப்பட்டும் திருத்தப்பட்டும் வந்திருக்க வேண்டும். எனவே 4ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளுக்கு மான்மியத்தைச் சான்றாகக் காட்டுவது பிழை. பிற்காலத்து மட்டக்களப்பின் சமூக ஒழுங்கை அறிய அதைப் போன்ற சான்று வேறில்லை.

மகாவம்சத்தைத் துருவித் துருவி ஆராய்கின்ற நாம், மான்மியத்தைத் தொட்டால் மட்டும் ஊரைப் பழித்ததாகக் கோபப்படுவது நியாயமன்று.

எங்கள் கோயிலில் படிக்கப்படும் கல்வெட்டைச் சாசனமாகக் கொள்ளலாமா?

மட்டக்களப்புப் பகுதியில் திருவிழாக்காலத்திலும் சடங்கிலும் படிக்கப்படும் பங்குகூறும் கல்வெட்டு போன்றவை ஏட்டிலும் நாவிலும் வாழும் பாடல்கள். கல்லில் பொறித்த சாசனத்தை எவரும் பின்னர் எளிதில் திருத்த முடியாது. ஏடு ஒவ்வொரு முறை படியெடுக்கப்படும்போதும் ஒரு குடியின் பெயர் மேலேறவும் இன்னொரு குடியின் பெயர் விடுபடவும் வழியுண்டு. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கல் வேறு வகையான செய்தியைத் தரும் என்பதற்குத் தம்பிலுவிலில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சான்று. சங்கபோதி என்ற சிங்கள அரசர்களின் பட்டத்தைத் தாங்கிய விசயபாகு தேவரின் 10ஆவது ஆட்சியாண்டில் சிவஞானசங்கரர் கோயிலுக்கு வோவில் என்ற நிலத்தைக் கொடுத்ததை அது பதிகிறது. பௌத்த அரசன், சிவன் கோயில், தமிழ்மொழி மூன்றும் ஒரே கல்லில் சேர்ந்திருக்கின்றன. பெருங்கதை எழுதும் ஏடுகள் இத்தகைய சாதாரண உறவுகளைப் பொருட்படுத்துவதில்லை.

ஒரு நூல் சொல்லவில்லை என்றால் அது நடக்கவில்லை என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில், குமண வனப்பகுதியிலுள்ள போவத்தகலக் குகைக் கல்வெட்டுகள் உரோகணத்தில் ஆண்ட பத்துச் சகோதர அரசர்களின் வம்சத்தைக் குறிப்பிடுகின்றன. மகாவம்சம் அந்த அரச வம்சத்தின் கதையைச் சொல்வதே இல்லை. துட்டகைமுனுவின் முன்னோருக்குப் போட்டியாக உரோகணத்தில் வேறோர் அரசகுலம் இருந்ததென்பது, அநுராதபுரத்திலிருந்து கிளைத்த ஒரே வம்சம் என்ற கதைக்கு இடைஞ்சல்.

திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரையிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. சோழர்கள் இலங்கையின் செல்வங்களை இரத்தம் குடிக்கும் யட்சர்கள்போல் கவர்ந்துசென்றனர் என்று சூளவம்சம் எழுதுகிறது. அதே சோழர் ஆட்சியில் அந்தப் பௌத்த விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர்பெற்று, தமிழர்கள் அளித்த கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுகளில் பதிந்துவைத்தது. கொள்ளையும் நடந்தது, கொடையும் நடந்தது.

யாழ்ப்பாண வைபவமாலையும் இத்தகையதா?

ஆம். மாதகல் மயில்வாகனப் புலவர் 1736ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்காக இயற்றியது அது. நாட்டின் பழைய வழமை என்ன, யார் எதற்கு உரியவர் என்று அறிய விரும்பும் ஆட்சியாளருக்குச் சொல்லப்பட்ட பதில் என்பதை மறவாமல் வாசிக்க வேண்டும்.

ஐரோப்பாவிலும் இப்படி நடந்ததா?

நடந்தது. உரோமைப் பேரரசன் கான்ஸ்டன்டைன் மேற்குநாடுகளின் அதிகாரத்தைப் பாப்பரசருக்குக் கொடுத்ததாகக் காட்டும் ஆவணம் 8ஆம் நூற்றாண்டளவில் புனையப்பட்டது. 1440இல் லொரென்சோ வல்லா, அதிலுள்ள இலத்தீன் நடை கான்ஸ்டன்டைன் காலத்ததாக இருக்க முடியாது என்று காட்டி அதைத் தகர்த்தார். இங்கிலாந்தில் மொன்மத் ஊர் ஜெப்ரி 1136ஆம் ஆண்டளவில் எழுதிய நூல், திரோய் நகரத்துப் புரூட்டஸ் வழியாகப் பிரித்தானிய அரசர்கள் வந்ததாகக் கதை சொன்னது. 1301இல் முதலாம் எட்வர்ட், ஸ்கொட்லாந்தின்மீது தனக்குள்ள உரிமையை நிலைநாட்டப் பாப்பரசருக்கு அந்தக் கதையையே எழுதி அனுப்பினான். ஸ்கொட்லாந்தினரும் சளைக்காமல் எகிப்திய அரசனின் மகளிடமிருந்து தம் வம்சத்தைத் தொடங்கிப் பதில் கொடுத்தனர்.

பரீட்சையில் அல்லது ஊர் வரலாற்றில் இந்த நூல்களை எப்படி மேற்கோள் காட்டுவது?

"மாகன் விகாரைகளை அழித்தான்" என்று வெறுமனே எழுதாமல், "மாகன் விகாரைகளை அழித்ததாக, தம்பதெனியா அரசர்கள் நிலைபெற்ற பின் எழுதப்பட்ட சூளவம்சப் பகுதி கூறுகிறது" என்று எழுதுங்கள். நூலின் காலத்தையும் அது சொல்லும் நிகழ்ச்சியின் காலத்தையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். உலகநாச்சி கதையில் இந்த இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. எதிர்த்தரப்பின் எழுத்து கிடைக்குமானால் அதை அருகில் வையுங்கள். கல்வெட்டோ நாணயமோ இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். விழா மலருக்கு எழுதும்போது ஊர்ப்பெருமைக்காக ஒரு நூற்றாண்டைக் கூட்டிவைக்கத் தோன்றும். பத்து ஆண்டுகள் கழித்து அந்த மலரையே இன்னொருவர் சான்றாகக் காட்டுவார் என்பதால் அதைச் செய்யாதிருப்பது நம் கடமை.

எங்கள் வீட்டில் பழைய ஏடு இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில் எதையும் துடைக்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். ஓலை நொறுங்கும் நிலையில் இருந்தால் கட்டை அவிழ்க்கவும் வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வோர் ஓலையின் இரு பக்கங்களையும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். அதைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழை என்று தோன்றுவதையும் திருத்தாமல் உள்ளபடியே எழுதுங்கள். எந்தப் பிரதியிலிருந்து எது வந்தது என்பதை அந்தப் பிழைகளைக் கொண்டே கண்டுபிடிக்க முடியும். ஏடு யார் கையிலிருந்து யாருக்கு வந்தது, எந்தக் கோயிலில் எந்தச் சடங்கில் யார் படித்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் குறித்துவையுங்கள். அதன் பிறகு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துத் தமிழ், வரலாற்று ஆசிரியர்களையோ, ஈழத்து ஆவணங்களை மின்னுருவாக்கும் நூலக நிறுவனத்தையோ அணுகலாம். மூல ஏட்டை எவரிடமும் எழுத்தில் பற்றுச்சீட்டுப் பெறாமல் ஒப்படைக்காதீர்கள். உங்கள் குடிக்கோ கோயிலுக்கோ சங்கடமான வரி ஏதும் அதில் இருந்தால், அந்த ஓலையையும் சேர்த்தே படமெடுத்துக் கொடுங்கள்.